பிரேக்கைப் பிடித்தபடி ஏரியைச் சுற்றினேன்

சின்னவளுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போனது யார் யார் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன்: நான், உன் அப்பா, பக்கத்து வீட்டுத் தையல்காரி, அவள் அக்கா நர்ஸம்மா. ஆள் நாலு, வாடகை சைக்கிள் நாலு, கூடாரம் இரண்டு, என் நோட்டுப்படி சாமான் முப்பத்தொன்று.

காலையில் ஏரியை நிதானமாக ஒரு சுற்று சுற்றலாம் என்று கிளம்பினோம். முப்பது வருஷம் கழித்துச் சைக்கிளில் ஏறுகிறேன் அல்லவா, சாமியை வேண்டிக்கொண்டே மிதித்தேன். மற்ற மூவரும் ஊர்க்கதை பேசிக்கொண்டு போகிறார்கள், எனக்கு மட்டும் இறக்கத்தில்கூட மூச்சு வாங்குகிறது. ஆனாலும் விழவில்லையே, எல்லாம் என் பிரார்த்தனையின் பலன் என்று உள்ளுக்குள் ஒரே பெருமை. பாதி வழியில் தையல்காரி என் கையைப் பார்த்துவிட்டு, "அக்கா, கிளம்பினதுல இருந்து பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டேவா வர்றீங்க?" என்று கத்தினாள். "ரப்பர் கருகுற வாடை வருதேன்னு அப்பவே நினைச்சேன்" என்றாள் நர்ஸம்மா. உன் அப்பாவோ, "முப்பத்தஞ்சு வருஷமா நான் வண்டியா இருந்து பாத்துட்டேன், அவ விடமாட்டா" என்று சிரிக்கிறார். கடவுள்தான் பாவம், தள்ளிவிடு என்று வேண்டுவதும் நான், பிடித்து நிறுத்துவதும் நான், அவர் என்னதான் செய்வார்?

மதியம் மரத்தடியில் சாப்பிடும்போது நர்ஸம்மா, வெளிநாட்டில் இருக்கும் உன்னைப் பார்க்க ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்டாள். வழக்கம்போல முட்டிவலி என்றேன். மூன்று பேரும் என் முட்டியையே பார்த்தார்கள். "பிரேக்கோட ஏழு கிலோமீட்டர் மிதிச்ச முட்டிங்க அது" என்றாள் அவள். வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். நீ ஐந்து முறை கூப்பிட்டிருக்கிறாய், நான் ஐந்து சாக்கு சொல்லியிருக்கிறேன். முட்டி இரண்டு முறை, தலைசுற்றல் இரண்டு முறை, அப்பாவுக்குத் தேநீர் போடத் தெரியாது என்பது ஒரு முறை. அன்று காலை ஏரிக்கரையில் நாலு பேருக்கும் தேநீர் போட்டவர் அவர்தான். நிஜம் என்னவென்றால் பயம், விமானத்துக்கும், பாஷை தெரியாத ஊரில் உனக்குப் பாரமாகிவிடுவேனோ என்பதற்கும். உன் போன கடிதத்தில் வா என்ற வார்த்தையே இல்லை. மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

தீர்க்காயுசாக, குறைவில்லாமல் இரு. ஈரத்தலையோடு தூங்காதே. ஆறாவது முறையாக ஒரு தடவை கூப்பிடு, வருகிறேன். சீக்கிரம் பதில் எழுது.

கை காய்த்துப்போன,
அம்மா