திருப்பி அனுப்பிய நீதிபதி

1994 பெப்ரவரி 5
நூலகத்தில் இன்று மானம் போனது. சட்டம் படிக்கும் மகள் இசபெல், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நீதிபதி ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிக் கட்டுரை எழுதவேண்டுமாம். ஒரு புத்தகம் எடுக்கப் போனேன். அங்கிருந்த வெள்ளைக்கார அம்மா "இதுவும் வேண்டுமா, அதுவும் வேண்டுமா" என்று கேட்கக் கேட்க "யெஸ் மேடம்" என்றேன். ஐந்து தடிப் புத்தகம். அதில் ஒன்று குதிரை வளர்ப்பு! லண்டன் குளிரில், தோர்ண்டன் ஹீத் பஸ்ஸில் மடியில் சுமந்து வந்தேன். பெரிய ஆட்களுக்கு முன்னால் எனக்கு "நோ" வராது. அவர்கள் சொல்வதை ஆமோதிப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவன். எட்டாம் வகுப்புவரை அதை மட்டும் நன்றாகப் படித்தேன்.

பெப்ரவரி 12
மனைவி டொலறஸ் செபமாலையும் கையுமாக இருக்கிறாள். அவளுடைய தம்பி கிறிஸ்ரியின் அகதி வழக்கு அப்பீல் 22ஆம் திகதி. தோற்றால் கொழும்புக்கே திருப்பி ஏற்றிவிடுவார்கள். போன வருசம் அங்கே போய், மறியற் சிறையிலிருந்து அவனைக் கூட்டிவந்தவன் நான். அவனுடைய விரல்கள் அப்போது இருந்த நிலை— வேண்டாம். நான்தான் சாட்சி. சொலிசிட்டர் சொல்லிவிட்டார்: "கொழும்பு பாதுகாப்புத்தானே என்று கேட்பார்கள். நோ சொல்லுங்கோ." கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகுகிறேன்.
"அத்தான், அக்காவிட்டைச் சொல்லிப் பழகுங்கோவன்," என்றான் கிறிஸ்ரி.
"எனக்கு உயிர் வேணுமடா."

பெப்ரவரி 17
சாப்பிடும்போது இசபெல் அந்த நீதிபதியின் கதை சொன்னாள். ஏழை வீட்டுப் பிள்ளை. வாத்தியார், பிறகு வக்கீல், பிறகு உயர் நீதிமன்றத்தில் முப்பது வருசம். தொழிலாளர் சங்கம் வைக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னவராம். எனக்கு ஆளைப் பிடித்துப்போனது. ஒருநாள், எசமானிடமிருந்து தப்பி ஓடிவந்த அடிமை ஒருவனை அவர் முன்னால் நிறுத்தினார்களாம்.
"விட்டவரோ?" கிறிஸ்ரி கேட்டான்.
"இல்லை மாமா. சட்டம் அப்பிடி எண்டு திருப்பி அனுப்பினவர். வீட்டை போய் சரியாக் கவலைப்பட்டவராம்."
கிறிஸ்ரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "கவலைப்பட்டவரோ. நல்ல மனுசன்."

பெப்ரவரி 21
நித்திரை இல்லை. நோ. நோ. நோ.

பெப்ரவரி 22
நீதிபதி வெள்ளைத் தலை, மெல்லிய குரல். எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அதுதான் கெடுத்தது. அரசாங்க வக்கீல் சிரித்த முகத்தோடு, "கொழும்பு இப்போது பாதுகாப்பான இடம்தானே, சேர்?" என்னைப் போய் சேர் என்கிறான்! வாய் தானாக "யெஸ் சேர்" என்றது.
நீதிபதி பேனையை வைத்தார். "நன்றாக யோசித்துத்தான் சொல்கிறீர்களா?"
"யெஸ் சேர்."
எங்கட வக்கீல் எழும்பித் திருத்தப் பார்த்தார், எனக்குத் திக்கியது. அட விசரா! ஒரு சொல்லடா, ஒரேயொரு சொல்! அதுகூட ஏலாதோ உனக்கு?
திரும்பி வரும்போது பஸ்ஸில் கிறிஸ்ரி ஜன்னலோரச் சீற்றை எனக்கு விட்டான்.

மார்ச் 19
தீர்ப்பு வந்தது. இசபெல் வாசித்துத் தமிழில் சொன்னாள். நீதிபதிக்கு மிகுந்த அனுதாபமாம். ஆனாலும்— ஓரிடத்தில் நின்றாள். என்னைப் பார்க்காமல், ஒரு பந்தியைத் தாண்டி மேலே வாசித்தாள்.

ஏப்ரல் 20
விமானத்தில் ஏற்ற முன்னம் கிறிஸ்ரி போன் எடுத்தான். "அத்தான், அக்காவைப் பாருங்கோ." அவ்வளவுதான்.
பின்னேரம் அவனுடைய கட்டிலை மடித்து வைத்தேன். இசபெல் கட்டுரையை முடித்துவிட்டாள். எனக்கு வாசித்துக் காட்டினாள். நீதிபதியின் பிறப்பு, படிப்பு, பதவி, தீர்ப்பு, கவலை.
"ஏதும் விடுபட்டுப் போச்சோ அப்பா?"
"இல்லை பிள்ளை," என்றேன். இன்றைக்கு அந்தச் சொல் சுலபமாக வந்தது.
அந்த அடிமையின் வழக்கில் சாட்சிக் கூண்டில் நின்றவன் யார், பிறகு அவன் எப்படி இருந்தான் என்று நான் கேட்கவில்லை.