‘ஓட்டுறா’ என்று சொன்ன வாய்

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா நலம், வலது முட்டியை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அவளே சொல்லச் சொன்னாள். நான் உடம்பளவில் நலம், சாப்பாடு இறங்குகிறது, மாத்திரையை வேளைக்குப் போடுகிறேன், மற்றபடி நலம் என்று எழுதத்தான் பேனா கொஞ்சம் தயங்குகிறது, அது ஏன் என்று சொல்லவே இந்தக் கடிதம். நீயும் உன் சளியும் எப்படி இருக்கிறீர்கள். வாரா வாரம் போனில் பேசுகிற மனுஷன் திடீரென்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்தால் நீ பயந்துவிடுவாய், பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, மானம் மட்டும் கொஞ்சம் போயிருக்கிறது, அதுவும் என்னுடையதுதான். போனிலேயே சொல்லிவிடலாம் என்று பார்த்தேன், ஆனால் உன் குரலைக் கேட்டதும் என் வாய் தன்பாட்டுக்குச் சமாளிக்க ஆரம்பித்துவிடும், உனக்குத் தெரியாதா. தாளில் அந்த வசதி இல்லை, அடித்துத் திருத்தினால் திருத்தியது தெரியும்.

முதலில் ஊர்ச் செய்தி. கடற்கரைச் சாலையைப் புது டிராமுக்காக முழுக்கத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். நம் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் ஒரு பலகை மேல் நடந்து வர வேண்டும், பார்வை சரியில்லாதவர்கள்தானே என்னிடம் வருவார்கள், அவர்களைப் போய்ப் பலகை மேல் நடக்கச் சொன்னால் எப்படி, நானே இறங்கிக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறேன். காலையில் ஷோகேஸ் கண்ணாடியைத் துடைத்தால் மத்தியானத்துக்குள் அதில் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. போன மாதம் நம் கடைக்கு நேர் எதிரே தாருக்கு அடியில் பழைய டிராம் தண்டவாளம் அப்படியே கிடைத்தது, நடுவில் பள்ளமும் அந்தப் பள்ளத்தில் இறுகிப் போன மணலுமாக. ஊரே வந்து எட்டிப் பார்த்தது. புது வண்டிக்கு லைட் ரயில் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்து மருந்துக்கடைக்காரர், ‘லைட் மட்டும்தான் வருமா, பின்னாலயே வண்டியும் வருமா’ என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார், கேட்டுவிட்டு அவரே சிரித்தும் விடுகிறார், நமக்கு அந்தச் சிரமம் இல்லை.

தண்டவாளம் கிடைத்த நாளிலிருந்து நான் சரித்திரப் பேராசிரியர் ஆகிவிட்டேன். என் படிப்பு உனக்குத் தெரியும், சரித்திரப் பாடத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணும் தெரியும், இதெல்லாம் நீ போனில் சொல்லிக் கொடுத்ததுதான். முதலில் குதிரை இழுத்தது, பிறகு புகைவிடும் சின்ன இன்ஜின் இழுத்தது, பிறகுதான் மேலே கம்பி கட்டிக் கரண்டில் ஓடியது. கடலோர ஊர்கள் பலவற்றில் ஸ்டேஷனில் இறங்குகிற கூட்டத்தை அலை ஓரம் கொண்டுபோய்க் கொட்டத்தான் டிராம் போட்டார்கள், சீசனில் படியில் தொங்குவார்கள், மழைக்காலத்தில் ஓட்டுநரும் நடத்துநரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு போவார்கள். பஸ்ஸும் காரும் வந்தன, உப்புக்காற்று கம்பியைத் தின்றது, ஒவ்வோர் ஊராக மூடினார்கள், மூடின ஊர்களில் சில இப்போது நெரிசல் தாங்காமல் திரும்பவும் போடுகின்றன. இவ்வளவையும் கடைக்கு வருகிறவர்களிடம் லென்ஸ் மாட்டிக்கொண்டே சொன்னேன். எங்கிருந்து தெரிந்துகொண்டீர்கள் என்று யாராவது கேட்டால் மட்டும், என் மகள் வெளியூரில் டிராம் சம்பந்தமாகத்தான் இருக்கிறாள் என்று இழுத்து நிறுத்திக்கொள்வேன். அந்த ‘சம்பந்தமாக’ என்ற சொல்லைக் கவனி, அப்போதே நான் வழுக்க ஆரம்பித்துவிட்டேன்.

நூலக மாடியில் ஒரு கூட்டம் போட்டார்கள். டிராம் வேலையைப் பார்க்கிற தலைமை இன்ஜினியர் ஒரு அம்மா, நல்ல மாதிரி, வெயிலில் நின்று கறுத்த முகம், அவர் வந்து எல்லாருக்கும் விளக்கிவிட்டு, ஊர்க்காரர்கள் யாராவது பேசுங்கள் என்றார். மருந்துக்கடைக்காரர் என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார், நானும் தூக்க விட்டேன். மைக் கையில் வந்தால் நான் எப்படி என்று உனக்குத்தான் தெரியுமே, நீ சொன்ன எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன். கடைசியில் மணல் விஷயம். பனி விழுந்த காலையில் உப்புப் படிந்த தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும், அப்போது சக்கரத்துக்கு முன்னால் கொஞ்சம் மணல் விடுவார்கள், ஆனால் கடற்கரையிலேயே ஓடுகிற வண்டியானாலும் அந்தக் கடற்கரை மணல் ஆகாது, ஈரமும் உப்பும் சேர்ந்து பெட்டியில் கட்டிக்கொள்ளும், வேறு மணலைக் காயவைத்துச் சலித்துத்தான் போட வேண்டும் என்றேன். நீ இதைச் சொன்ன அன்று எவ்வளவு சிரித்தோம், மணலுக்கு நடுவில் இருந்துகொண்டு மணலை வெளியிலிருந்து வரவழைக்கிறீர்களா என்று உன்னை ஓட்டினேனே. அங்கே யாரும் சிரிக்கவில்லை, இன்ஜினியர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘இதை உங்களுக்கு யார் சொன்னாங்க சார்’ என்று கேட்டார். ‘என் பொண்ணு மேடம், வேற ஒரு கடலோர ஊர்ல டிராம் எல்லாம் அவதான் ஓட்டுறா’ என்றேன்.

பாப்பா, இதுவரை நான் சொன்னதில் பொய் கிடையாது. ஆனால் ‘டிராம் ஓட்டுறா’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘எல்லாம் அவதான்’ என்று நடுவில் செருகினேன் பார், அதில்தான் எல்லாம் இருக்கிறது. கூட்டம் ஆ என்றது. அந்த அம்மா நல்லவர், சந்தேகம் தீர வேண்டும் என்று, ‘ஓட்டுறாங்கன்னா, வண்டியை ஓட்டுறாங்களா, கம்பெனியை ஓட்டுறாங்களா’ என்று கேட்டார். அத்தனை முகமும் என் பக்கம். மருந்துக்கடைக்காரர் வாயைத் திறந்தபடி பார்க்கிறார், அவர் மகன் டாக்டர் என்பது அந்த நேரத்தில் எனக்கு ஏன் ஞாபகம் வர வேண்டும். ‘கம்பெனியை’ என்று சொல்லிவிட்டேன். கை தட்டினார்கள். இன்ஜினியர் அம்மாவின் முகம் மட்டும் இறங்கியது. ‘அப்படியா, நான் வண்டி ஓட்டுறவங்களோன்னு நெனச்சேன். கம்பெனி ஓட்ட எங்ககிட்ட ஆள் நிறைய இருக்காங்க சார். உப்பும் மணலும் உள்ள பாதையில டிராம ஓட்டுற கைப்பிடியப் பிடிச்சவங்கதான் ஒருத்தர் கூட இல்ல. கிடைச்சா நாளைக்கே கூப்பிட்டு, புதுசா சேர்ற ஓட்டுநர்களுக்கு அவங்களையே சொல்லிக்கொடுக்கச் சொல்லுவேன். உங்க மகளுக்கு அப்படி யாரையாவது தெரிஞ்சா சொல்லச் சொல்லுங்க’ என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா, கட்டாயம் கேட்டுச் சொல்றேன் மேடம் என்று தலையை ஆட்டினேன்.

உன் அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தாள், அவள் கை மட்டும் தட்டவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த முட்டியை வைத்துக்கொண்டே எனக்கு முன்னால் நடந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ‘அவ ஒழுங்கா டிராம ஓட்டுறா, நீங்க ஊரையே ஓட்டுறீங்க’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு, ‘போன தடவை போன்ல அவ என்ன கேட்டா, ஞாபகம் இருக்கா’ என்றாள். இல்லாமல் என்ன. நம்ம ஊர் டிராமுக்கு ஆள் எடுக்கிறார்களா, விசாரித்துச் சொல்லுங்கப்பா, இங்கே வேலை பிடித்திருக்கிறது, ஆனால் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் போல இருக்கிறது என்று நீ கேட்டாய். விசாரிக்கிறேன் என்றேன். விசாரிக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய், அதனால் அப்படி எழுதப் போவதில்லை. புது டிராமின் ஸ்டாப் நம் கடை வாசலில்தான் வருகிறது. நீ யூனிபார்மோடு நாள் முழுக்க மணி அடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பாய், ஊர் பார்க்கும் என்று நினைத்தேன். படிக்க வைத்த பெண் வண்டி ஓட்டுகிறாள் என்று சொல்வார்களே என்று நினைத்தேன். சொல்லப் போவது யார், பல் வலிக்கு மாத்திரை விற்கிற ஒருவர், அவ்வளவுதான். அந்தப் பயத்தில் உனக்குத் திறந்த கதவை நானே முதுகால் சாத்திவிட்டு நின்றிருக்கிறேன், அதுவும் கைதட்டல் வாங்கிக்கொண்டு.

அதற்குப் பிறகு வீட்டில் உன் அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள், தெருவில் எனக்குக் கம்பெனி அப்பா என்று பெயர். பேக்கரியில் ரொட்டி வாங்கப் போனால், கம்பெனி அப்பாவுக்கு முதல்ல கொடு என்கிறார்கள். அந்த ரொட்டியை வாங்கக் கூசியது, கூசினாலும் வாங்கிச் சாப்பிட்டேன், சூடாக இருந்தது. கடற்கரையில் தகரக் கொட்டகை போட்டு வைத்திருக்கிற டிராம்காரர்கள் ஆபீஸ் வரைக்கும் போனேன், உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வாசலில் இருந்த காவலாளி என்ன வேண்டும் என்று கேட்டதும், தண்டவாளம் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டு, பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். உன் அப்பன் லட்சணம் இது.

கடைசியில் அந்த இன்ஜினியர் அம்மாவே கடைக்கு வந்துவிட்டார். தோண்டுகிற இடத்து மணல் பட்டுப் பட்டு அவர் கண்ணாடி முழுக்கக் கீறல், பார்வையும் கொஞ்சம் மாறியிருந்தது. மருந்துக்கடைக்காரர் தன் பிரேமில் கழன்ற திருகாணியை முடுக்கிக்கொள்ள வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நீ அனுப்பிய போட்டோ, டிராமில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாயே, அதைச் சுவரில் மாட்டியிருக்கிறேன் என்று உன்னிடம் பெருமையாகச் சொன்னேன் அல்லவா. மாட்டியது உண்மை. பக்கத்தில் இருக்கிற, கண் சோதிக்கிற எழுத்து அட்டையைக் கொஞ்சம் இழுத்து போட்டோவின் மேல் வந்து மறைக்கிற மாதிரி மாட்டியிருக்கிறேன் என்று சொல்லவில்லை. உன் முகமும் கோட்டுக் காலரும் மட்டும் தெரியும், பார்க்கிறவர்களுக்குப் பெரிய ஆபீசர் மாதிரி இருக்கும். அந்த அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, சோதனை பிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டேன். நல்ல லென்ஸ் விழுந்ததும் மளமளவென்று கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டார். அதுக்குக் கீழே என்ன தெரியுது என்று வழக்கம் போலக் கேட்டேன், சும்மா பழக்கதோஷம், அதற்குக் கீழே ஒன்றும் கிடையாது. ‘அதுக்குக் கீழ ஒரு கை தெரியுது சார்’ என்றார். ‘டிராம் கைப்பிடியப் பிடிச்சிருக்கு.’

நானே லென்ஸ் போட்டு, நானே கேள்வி கேட்டு, நானே மாட்டிக்கொண்டேன். கண்காட்சியில் சும்மா பிடித்துப் பார்த்தாள் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, சத்தியமாக வந்துவிட்டது. அந்த நேரத்தில் உன் கையைப் பார்த்தேன். கட்டை விரலை மேலே வைத்து எவ்வளவு அழுத்தமாகப் பிடித்திருக்கிறாய், அட்டைக்குக் கீழே அந்த விரல்கள் மட்டும் எட்டிப் பார்க்கின்றன, அப்பா நான் இங்கே இருக்கிறேன் என்கிற மாதிரி. எழுந்து போய் அட்டையைக் கழற்றினேன். ‘வண்டியத்தான் மேடம் ஓட்டுறா. அன்னைக்கு நான் பொய் சொன்னேன்’ என்றேன். கழற்றிய அட்டையோடு நின்றேன், நாற்காலியில் அவர் இருந்ததால் எனக்கு உட்கார இடம் இல்லை. மருந்துக்கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா. ‘இதுக்கா இத்தனை நாளா மூஞ்சிய அப்படி வெச்சிருந்தீங்க. கம்பெனிய ஓட்டுனவனுங்க ஓட்டத் தெரியாமத்தான் அந்தக் காலத்துல டிராமையே மூடுனானுங்க. வண்டிய ஓட்டுறவங்களால எந்த வண்டி நின்னுச்சு’ என்றார். அவரிடமிருந்து இப்படி ஒரு பேச்சு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவர் என்னைத் திட்டியிருந்தால் கூட எனக்கு லேசாக இருந்திருக்கும்.

இன்ஜினியர் அம்மா திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. ஓட்டுநர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு வேறு ஊரில் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறார்களாம், இன்னும் முடிவாகவில்லையாம், அந்த ஆளுக்குக் கடலோரப் பாதை பழக்கம் கிடையாதாம். உன் நம்பரைக் கேட்டார், கொடுத்துவிட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன், என் கடிதம் அவள் கையில் கிடைத்த பிறகு கூப்பிடுங்கள் மேடம், அப்பன் செய்த காரியம் அப்பன் வாயாலேயே அவளுக்குத் தெரியட்டும் என்று. இந்த மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொன்னார், அதற்கு மேல் முடியாதாம். அதனால்தான் விரைவுத் தபால். அவர் கூப்பிடும்போது உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் சொல். எனக்காக வருகிறேன் என்று சொல்லாதே, என் மேல் உள்ள கோபத்தில் வரவில்லை என்றும் சொல்லிவிடாதே. கோபத்தைத் தனியாக என்னிடம் காட்டு, ஞாயிற்றுக்கிழமை போனில் காட்டு, நான் சமாளிக்க மாட்டேன், கேட்டுக்கொண்டிருக்கிறேன். இவ்வளவும் தெரிந்த பிறகு உனக்கு இந்த ஊருக்கே வரப் பிடிக்காமல் போனால் அந்தக் குற்றமும் என்னுடையதுதான். ஊர் சுற்றி எல்லாக் கடலோரத்து டிராமின் கதையையும் சொன்னவனுக்கு, சொந்த மகள் என்ன வேலை செய்கிறாள் என்று ஒரு வரி சொல்ல வாய் வரவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

எழுத்து அட்டையை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டேன். நாற்காலியைத் திருப்பிப் போட இடம் போதவில்லை, வருகிறவர்கள் கழுத்தைத் திருப்பித்தான் படிக்க வேண்டியிருக்கிறது, திட்டிக்கொண்டே படிக்கிறார்கள். போட்டோ முழுசாகத் தெரிகிறது. அம்மா கடைக்கு வந்து பார்த்துவிட்டு, முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டுப் போனாள், என்னோடு பேசவும் ஆரம்பித்திருக்கிறாள், உப்பு எடுங்க, கதவைச் சாத்துங்க என்கிற அளவில்.

காலை வண்டி எடுக்கும்போது காதை மூடிக்கொள், அந்த ஊர்க் காற்று ஆகாது. சாப்பிடாமல் வண்டி ஏறாதே. மருந்துக்கடைக்காரர் அவர் பங்குக்கு ஒரு சளி மாத்திரை கொடுத்து உனக்கு அனுப்பச் சொன்னார், தபாலில் அனுப்பக் கூடாதாம், பத்திரமாக வைத்திருக்கிறேன். மணல் பெட்டி காய்ந்திருக்கிறதா என்று தினமும் பார்த்துக்கொள், உனக்கே தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். நீ எங்கே ஓட்டினாலும் உன் வண்டி வழுக்காமல் போக வேண்டும், வழியில் குறுக்கே வருகிறவன் எவனானாலும், உன் அப்பனே ஆனாலும், மணி அடித்து விலக்கிவிட்டுப் போகிற தைரியம் உனக்கு என்றும் இருக்க வேண்டும். அம்மாவின் முத்தமும் ஆசியும்.

இப்படிக்கு,
டிராம் ஓட்டுகிறவளின் அப்பா