ஏஞ்சல் எத்தனை

ஜூலை 8, செவ்வாய்

விடியும்போதே மூடுபனி. மழை இல்லை, காற்றுதான். துவைத்த ஸ்வெட்டர் மூன்றாம் நாளாகக் காயவில்லை.

பங்களாவிலிருந்து மீன் தொட்டி வந்து சேர்ந்தது. மாற்றலாகிப் போன எஸ்டேட் மேனேஜர் தொரை விட்டுச் சென்ற சாமான்களை ஆபீசில் விற்றார்கள். சோபாவுக்குப் போட்டி. தொட்டிக்கு நான் மட்டும்தான். லோடுமேன் இரண்டு பேர் தூக்கிவந்து முன்னறை மேஜைமேல் வைத்தார்கள். மூன்றடி நீளம், நல்ல உயரம். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் டீமேக்கர் கணேசன் எட்டிப் பார்த்தான். "ஏனுங்க ஹெட்கிளார்க் சார், தொரை நாற்காலி கெடைக்கலீன்னு தொட்டியப் புடிச்சுட்டீங்களாட்ட இருக்குது!"

சிரித்துவைத்தேன். அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில்தான் தொரை என்னை ஃபைலோடு நிற்கவைப்பார். எம்.ஏ. படித்தவனை ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை. அசிஸ்டெண்ட் மேனேஜர் வேலை உனக்குத்தான் என்று சொல்லிவிட்டு அக்காள் மகனுக்குக் கொடுத்தவர். மறக்க மாட்டேன்.

வாங்கியதற்கு அது ஒன்றே காரணம் அல்ல. கிறிஸ்துமஸுக்கு ஸ்டாஃப் குழந்தைகளைப் பங்களாவுக்கு அழைத்துக் கேக் கொடுப்பார்கள். கவிதாவுக்கு அப்போது ஆறு வயது இருக்கும். கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றாள். உள்ளே கறுப்புப் பட்டை போட்ட ஏஞ்சல் மீன்கள். "நம்மூட்டுக்கும் வேணும்ப்பா." அடுத்த வருஷம் என்றேன். எத்தனையோ அடுத்த வருஷம் ஆயிற்று.

தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். ஒழுகினால் அதுவும் தொரை செய்த வேலை.

ஜூலை 9, புதன்

ஒழுகவில்லை.

வாங்கவேண்டியது: ஹீட்டர் (இந்தக் குளிரில் அது இல்லாமல் ஒரு மீனும் தாங்காது), மணல், ஏர் பம்ப். கிளப் நூலகத்தில் ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. ஏஞ்சலை ஜோடியாக வளர்க்கலாம் என்கிறது. அட்டை போயிருக்கிறது, எவன் எழுதினான் என்று தெரியவில்லை.

மனைவி ராஜியின் கம்பளிச் சால்வை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. கார்த்திகையில் போனவள். மகள் கவிதாவுக்கு முதல் பிரசவம், இங்கேதானே கூட்டிவரவேண்டும் என்று கேட்டாள். கேட்காமல் கட்டிக்கொண்டு திருப்பூர் போனவளுக்கு, வேற கம்யூனிட்டிக்காரன் பிள்ளைக்கு, என் வீட்டில் தொட்டில் கிடையாது என்றேன். மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டாள். சால்வையை மறந்து போனாளா, திருப்பூர் வெயிலுக்கு வேண்டாம் என்று விட்டுப் போனாளா, தெரியவில்லை.

சொன்னது சொன்னதுதான்.

ஜூலை 10, வியாழன்

அரைநாள் லீவில் குன்னூர். பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே பாய் கடை. கிளி, மீன், நாய்ச் சங்கிலி எல்லாம் ஒரே கடையில்.

"தொட்டி எத்தனை அடிங்க சார்?"

"மூணு."

"கம்யூனிட்டிங்களா?"

சுர்ரென்று ஏறிவிட்டது. கவிதா விஷயம் குன்னூர் வரைக்கும் வந்துவிட்டதா? "என் கம்யூனிட்டி எதுவா இருந்தா உங்களுக்கென்ன? மீன் வாங்கறதுக்கு சர்ட்டிபிகேட் கொண்டு வரணுமா?" என்று கத்தினேன். கிளி வாங்க வந்தவர் திரும்பிப் பார்த்தார். கிளியும்.

பாய் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயோ சார், உங்களையில்லீங்க! மீனச் சொன்னேன். பல ஜாதி மீனையும் ஒரே தொட்டியில உட்டு வளத்தா அதுக்குப் பேரு கம்யூனிட்டி டேங்க்குங்க."

கிளிக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். நான் மணல் எடை போடச் சொன்னேன்.

அகராதியில் அந்த அர்த்தமும் உண்டு. தெரியாததில்லை. இந்த ஊரில் அந்தச் சொல் தாலுகா ஆபீஸ் ஜன்னலில்தான் காதில் விழும்.

பிளாட்டி மீன் ஆறு. அடியில் மேய்கிற கெளுத்தி இரண்டு. "ஏஞ்சல் எத்தனைங்க?"

"ரெண்டு."

"ரெண்டு வேண்டாங்க சார். ஒண்ணு உடுங்க, இல்லாட்டி ஆறு உடுங்க. ரெண்டே ரெண்டுன்னா ஒண்ணு இன்னொண்ணத் தொரத்தித் தொரத்தியே கொன்னுரும்."

"ஜோடியாப் பார்த்துக் குடுங்க."

"இந்த சைசுல எது ஆணு, எது பொண்ணுன்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

ஆறு தலையில் கட்டப் பார்க்கிறார். இரண்டு போதும் என்று வாங்கிவந்தேன்.

ஜூலை 12, சனி

இரண்டும் அழகு. நீந்துகிற மாதிரியே இல்லை, நிற்கிறமாதிரி. நூல்போல இரண்டு தாடி. விளக்கைப் போட்டால் பட்டை கருக்கிறது.

டிபன்: ரொட்டி. ராத்திரியும் ரொட்டி.

மத்தியானம் காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போனது. ஹீட்டர் அணைந்தது. கண்ணாடியைத் தொட்டால் சில்லென்று இருந்தது. வீட்டில் தடிமனாக வேறு துணி இல்லை. ஆணியிலிருந்து சால்வையை எடுத்துத் தொட்டியைச் சுற்றினேன். அவள் தலைக்கு வைக்கிற எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கரண்ட் வந்ததைக் கவனிக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பெரியது சின்னதை விடுவதில்லை. தீனி போட்டால் துரத்துகிறது. போடாவிட்டாலும் துரத்துகிறது. சின்னது ஹீட்டருக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு, வால் கிழிந்து நிற்கிறது. பிளாட்டிகளைப் பெரியது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வேறு ஜாதியோடு சண்டை இல்லை, தன் ஜாதியோடுதான்.

புத்தகத்தை மறுபடி பார்த்தேன். ஜோடி சேர்ந்தால்தான் ஜோடியாம். அடுத்த பக்கத்தில் சின்ன எழுத்தில்.

ஜூலை 14, திங்கள்

ஆபீசுக்கு ராஜி போன் செய்தாள். எப்போதாவது செய்வாள்.

"ஏனுங்க, சாப்பிட்டீங்களா?"

"ம்."

"என்ன பண்ணிட்டிருக்கீங்க?"

"மீன் வாங்கியிருக்கேன்."

"கொழம்பு வெக்கத் தெரியுமுங்களா?"

"வளக்க. ஏஞ்சல். பங்களாத் தொட்டி."

கவிதாவிடம் சொல்லியிருக்கவேண்டும், பின்னால் அவள் குரல், "நெசமாவாம்மா?" குழந்தை ஏதோ தட்டுகிற சத்தம்.

"எத்தனைங்க?"

"ரெண்டு. அடிச்சுக்குதுங்க."

"ரெண்டே ரெண்டு இருந்தா அடிச்சுக்காம என்ன பண்ணுமாம்? கவிதா போன பொறகு நாம என்ன பண்ணுனோம்? அவ இருந்தப்ப உங்க திட்டு எனக்குப் பாதி, அவளுக்குப் பாதின்னு உளுந்துது. அப்புறம் முச்சூடும் எனக்கே."

நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டிருக்கிறாள். திருப்பூர்த் தண்ணீர். ஆபீசில் ஆள் இருந்ததால் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவளே: "வியாழக்கெழம ஆடி ஒண்ணு. தல ஆடியும் போச்சு, போன ஆடியும் போச்சு. ஆடி நோம்பிக்கு மருமகன விருந்துக்குக் கூப்புடாத ஊடு நம்மூடுதான். இந்த ஆடியும் இல்லீன்னா நான் இனிக் கேக்கமாட்டேன், இங்கயே இருந்துக்கறேன்."

"நீ வா. கவிதாவையும் குழந்தையையும் கூட்டிட்டு வா."

"வந்தா நாலு பேரு. இல்லாட்டி ஒருத்தருமில்ல." வைத்துவிட்டாள்.

ஜூலை 15, செவ்வாய்

இரண்டு வழி.

1) ஒன்றைப் பிரிப்பது. கணேசனும் அதையே சொல்கிறான்: "ஒண்ணக் குடுத்துப்போடுங்க சார். ஒத்தையா இருந்தா நிம்மதி." அவன் வீட்டில் ஏழு பேர்.

2) பாய் சொன்ன ஆறு.

காலையில் முதல் வழி. சின்னதைப் பிடித்து வெந்நீர் கலந்த வாளியில் விட்டேன். மாலையில் வந்து பார்த்தால் பெரியது தனியாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் பிம்பத்தையே முட்டிக்கொண்டிருக்கிறது. தீனி அப்படியே மிதக்கிறது. விளக்கை அணைத்துப் பார்த்தேன். நிறுத்தியது. போட்டேன். மறுபடி முட்டல்.

சின்னதைத் திரும்ப விட்டேன். துரத்தல். முட்டுவதற்கு இது தேவலை.

கவிதா அறையைத் திறந்தேன். பழைய ஃபைல்கள், உடைந்த குடை, அவள் கட்டில். ஃபைலையெல்லாம் என் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். தூசி. இன்னும் எதுவும் முடிவு செய்யவில்லை.

ஜூலை 16, புதன்

வெயில்! ஸ்வெட்டர் காய்ந்தது.

மறுபடி குன்னூர். பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "ஏஞ்சல் எத்தனைங்க?" என்று மட்டும் கேட்டார். நாலு என்றேன். பழையது இரண்டும் உயிரோடிருக்கிறதா என்று கேட்காததற்கு நன்றி.

பையை ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு கோத்தகிரி பஸ். கண்டக்டர்: "உள்ள என்னங்க சார், நாய்க்குட்டியா?"

"மீன்."

"சளி புடிச்சுக்கப் போகுதுங்க, மீனுக்கு."

வீட்டுக்கு வந்து கல்லையெல்லாம் இடம் மாற்றி வைத்தேன். அப்படிச் செய்தால் பழைய மீனுக்குத் தன் இடம் எது என்று தெரியாதாம். புத்தகம் இதையாவது ஒழுங்காகச் சொன்னது. நாலையும் விட்டேன். ஒரு சுற்று முறைப்பு. பெரியது ஒன்றைத் துரத்தும், பாதியில் இன்னொன்று குறுக்கே வரும், அதைத் துரத்தும். எதையும் முழுசாகத் துரத்த முடியவில்லை. வால் கிழிந்ததைத் தேடினேன். ஹீட்டருக்குப் பின்னால் இல்லை.

நாலு மணிக்கு ஆபீஸ் போனிலிருந்து திருப்பூருக்கு அழைத்தேன். எடுத்தது ஆண்குரல்.

"அலோ, யாருங்க?"

இந்தக் குரல் எப்படியிருக்கும் என்று ஒன்று நினைத்து வைத்திருந்தேன். அப்படி இல்லை. பெயரைச் சொன்னால் வைத்துவிடுவானோ. மாமனார் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"அப்பிச்சி பேசறேன்."

"எந்த அப்பிச்சிங்க?"

"அம்மாளப் பெத்த அப்பன் உங்க குழந்தைக்கு எத்தனை பேரு?"

காது கிழியக் கத்தினான்: "அத்தே! மாமா பேசறாருங்க அத்தே! கவிதா, உங்கப்பா!" குழந்தை பயந்து அழுதது. அந்தக் குரலை இன்றுதான் கேட்கிறேன்.

ராஜி வருவதற்குள் அவனிடமே சொல்லிவிட்டேன். "நாளைக்கு ஆடி நோம்பி. நாலு பேரும் வாங்க." வாங்க என்றேன். மன்னித்துவிட்டதாக எவனும் நினைக்கவேண்டாம்.

ராஜி மூச்சு வாங்க வந்தாள். "ஏனுங்க, உடம்புகிடம்பு சரியில்லீங்களா?"

"ஏஞ்சல் ஆறாச்சு" என்றேன்.

மூக்கை உறிஞ்சினாள். "அங்க குளுருமே. எஞ்சால்வை இருக்குதுங்களா?"

நாளைக்கு: லீவ் லெட்டர். பால் கூடுதல். கணேசன் வீட்டில் பெரிய குக்கர். வாழையிலை. தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி இருக்கிறதா பார்க்க.

கரண்ட் மறுபடி போய்விட்டது. சால்வை தொட்டியைச் சுற்றியிருக்கிறது.