ஆயில் போல்ட்டுக்கு ஓர் இழுப்பு அதிகம்

ஆடி 5, திங்கள்
காலையில் தூறல், அப்புறம் வெயில். மெஸ் இட்லி கல் மாதிரி.
மகன் தினேஷ் போன். ஒன்பது மாதமாக வராதவன் ஞாயிறு வருகிறானாம். "என் பைக்க ரெடி பண்ணி வெய் நைனா. அன்னிக்கே ஓட்டிகினு பெங்களூர் போய்டுவேன்." வண்டிக்காகத்தான் வருகிறான். இருக்கட்டும். வருகிறான் இல்லையா.
வாங்க வேண்டியது: ஆயில், ஏர் ஃபில்டர், பிரேக் ஷூ. ஆட்டுக்கால், அவனுக்குப் பிடிக்கும். (ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் கறியா? முருகன் கண்டுகொள்ள மாட்டார்.)

ஆடி 6, செவ்வாய்
ஆயில் மாற்றினேன். ஆயில் வடிக்கிற அடி போல்ட்டைத் திரும்ப முறுக்கி முடித்து, வழக்கம்போல "முருகா" என்று கடைசியாக ஓர் இழுப்பு. லாரி வீல் நட்டில் பழகின கை. இரும்புக்குச் சரி. இது அலுமினிய இன்ஜின். ஸ்பேனர் சட்டென்று லேசாகிவிட்டது. கழற்றினால், ஓட்டைக்குள் இருந்த திருகு மரை முழுக்கச் சுருளாகப் போல்ட்டோடு வந்தது. முப்பது வருஷ மெக்கானிக்காம். தூ.
லேத் பட்டறையில் கேட்டேன். ஓட்டையைப் பெரிதாக்கி இரும்பில் சுருள் மரை வைக்க வேண்டும். அது சென்னையிலிருந்து திங்கள்தான் வரும்.
பக்கத்து டயர் கடை லோகு: "டேப்பு சுத்தி ஏத்துண்ணா. யாருக்குத் தெரியப்போவுது?"

ஆடி 8, வியாழன்
டேப் சுற்றினால் ஞாயிறு வந்துவிடுவான். வழியில் எங்காவது போல்ட் விழும், ஆயில் பின் டயரில் வழியும். உண்மையைச் சொன்னால் வரமாட்டான்.
சொல்லிவிட்டேன்.
"சரி விடு நைனா. ரெடியானா அரக்கோணத்துல ரயில் பார்சல் போட்டுடு. நான் எதுக்கு வீணா அலையணும்?"
சாப்பிடவில்லை. அழுதேன். இங்கே எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள்.

ஆடி 12, திங்கள்
சுருள் வந்தது, வைத்தாயிற்று. புது வாஷர். போல்ட்டை முதலில் விரலாலேயே கடைசிவரை. பிறகு லேத்காரரின் அளவு ரெஞ்ச்; இறுக்கம் போதுமானதும் சத்தம் போடும். 'டிக்' என்றதும் நிறுத்தம். கை இன்னோர் இழுப்புக்குப் போனது. அதட்டிப் பின்னுக்கு எடுத்துக்கொண்டேன்.

ஆடி 14, புதன்
அரக்கோணம். பெட்ரோலை வடித்து, சாக்கு சுற்றி, பார்சல் ஆபீஸில் விட்டேன். "கூட யாராவது போறீங்களா?" என்றார் கிளார்க். இல்லை என்றேன்.

ஆடி 16, வெள்ளி
தினேஷ் போன். வண்டி சேர்ந்ததாம். அடுத்த தடவை ஆயில் மாற்றும்போது போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று சொல்ல, தாளில் குறித்து வைத்திருந்தேன். ஆரம்பித்தேன்.
"இங்க சர்வீஸ் சென்டர் இருக்கு நைனா. அவங்க பாத்துப்பாங்க."
"ஆங், சரி" என்றேன். வைத்துவிட்டான். தாளில் இன்னும் ஆறு வரி இருந்தது.