சுவருக்குள் போன்

அடையாறு,
திங்கட்கிழமை

அன்புள்ள செல்லக்கனிக்கு,

நான் சௌகரியமாக இருக்கிறேன். நீயும் பாப்பாவும் நலம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றியதா?

இரண்டு நாளாக நான் பேசாததைக் கோபம் என்று நினைத்துவிடாதே. ஜவஹர் சார் வீட்டுக் கார் ஷெட்டை மரப்பட்டறையாக மாற்றுகிறேன் என்று சொன்னேன் அல்லவா? வெயில் உள்ளே வராமலும் மெஷின் சத்தம் வெளியே போகாமலும் இருக்க, சுவரில் சட்டம் அடித்து, கண்ணாடிப் பஞ்சு அடைத்து, மேலே ப்ளைவுட் பூட்டும் வேலை. சனிக்கிழமை, வழக்கம்போல் குறுக்குச் சட்டத்தில் போனை வைத்தவன், அதன்மேலேயே பஞ்சை அடைத்து ஸ்க்ரூவும் முடுக்கிவிட்டேன்!

சாயங்காலம் தேடும்போதுதான் புரிந்தது. சார் விழுந்து விழுந்து சிரித்தார். "நான் ரிங் பண்றேன், நீ காத வச்சுக் கேளுப்பா" என்றார். சந்தேகப்பட்ட பலகையில் காதை வைத்தேன். மெல்ல மணி அடித்தது, அதோடு சார்ஜ் தீர்ந்துவிட்டது. "வெளிய ஒரு சத்தம் வரல பாரு, வேலைன்னா இதான் வேலை!" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

அந்தப் பலகைக்கு முன்னால் அதற்குள் இழைக்கும் மெஷினை இறக்கிவிட்டிருந்தார்கள்; இடுக்கில் காதை வைக்கத்தான் முடிந்தது, ஸ்க்ரூ கழற்ற இடமில்லை. நகர்த்த ஆட்கள் வெள்ளிக்கிழமைதான் வருவார்கள். உன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை, திட்டாதே. பாப்பாவை ஒரு தாளில் பெரிதாக எழுதித் தரச் சொல்லி அனுப்பு. இனி சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்கிறேன். முடிந்தால் கொஞ்சம் எள்ளுப்பொடியும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும். அன்று மணி அடித்தபோது ஓரக்கண்ணால் சாரைப் பார்த்தேன். சார் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார், நம்பரை அழுத்தவே இல்லை. அது நீ தினமும் கூப்பிடும் நேரம். கூப்பிட்டது நீதான். மணி நிற்கும்வரை நான் காதை எடுக்கவில்லை.

உலகநாதன்