கொக்கின் தலை

ஞாயிறு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் நலம். நீயும் நலம் என்று உன் மனைவி சொல்கிறாள். சொல்லும்போது அவள் குரல் சரியில்லை, அதனால் பாதிதான் நம்பினேன். மீதியை நீ சொன்னால் நம்புவேன்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கடிதமென்றால் மணி அடிக்காது, பதில் சொல் என்று காதோரம் நின்று தொந்தரவு செய்யாது. மேசையில் அது பாட்டுக்குக் கிடக்கும். தோன்றும்போது படி. தோன்றாவிட்டால் மருமகளையே படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

கடைசியாகப் பேசிய அன்று, "அங்க என்னம்மா சொல்றாங்க?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ யாரோடும் பேசுவதில்லையாம். வேலைக்குப் போவதில்லை. குளி என்றால் குளிக்கிறாய், தட்டை வைத்தால் சாப்பிடுகிறாய், மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாய். சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை அத்தை, பொம்மை மாதிரி இருக்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது என்றாள். எனக்கு அழுகையாவது வந்திருக்கலாம், வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

எனக்கும் பயம்தான். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

சரி, நீ கேட்டதற்குப் பதில். நீ வரைந்த கட்டடத்தின் மாதிரியை, நான் திறந்து பூட்டும் இந்தக் கண்காட்சிக் கூடத்தில்தான் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஊர் மக்கள் பார்த்துக் கருத்துச் சொன்ன பிறகுதான் கட்டலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பார்களாம். பூச்செடிக் கண்காட்சிக்கும் பழைய நாணயக் கண்காட்சிக்கும் ஈ ஓட்டிக்கொண்டிருந்த இடம் இது. இப்போது கைப்பிடிக் கம்பியே ஆடுகிற அளவுக்குக் கூட்டம். உலகத்திலேயே உயரமான கட்டடம் நம் ஊருக்கு வருகிறது என்று ஆசையாக வருகிறார்கள். வந்து பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள்.

நேராக வளர்ந்து வந்து, மேலே கழுத்தை ஒடித்து, ஆற்றுப் பக்கம் குனிந்து நிற்கிறதல்லவா, அதனால் ஊரெல்லாம் அதற்குக் கொக்கு என்று பெயர். ஆட்டோக்காரர்கூட, கொக்குக் கூடத்துக்கா அம்மா என்றுதான் கேட்கிறார். லிஃப்ட் மேலே போனதும் குனியுமா என்று ஒருவர். மழை பெய்தால் மூக்கிலிருந்து சொட்டுமே என்று ஒருவர். உலகத்திலேயே உயரமாகக் கட்டிவிட்டு எதற்கு வெட்கப்பட்டுத் தலை குனிய வேண்டும் என்று ஒரு பெண் கேட்டாள். கழுத்துவலி வைத்தியர் ஒருவர் வந்து, தினமும் இதைத்தான் பார்க்கிறேன், இதற்கும் நானே கழுத்துப்பட்டை போடுகிறேன் என்று சொல்ல, அன்றைக்கு முழுக்க அதே பேச்சுதான்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தினமும் கைத்தடியோடு வருகிறார். வேறு வேலை இல்லை போலிருக்கிறது. மாதிரிக்கு முன்னால் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறார். கட்டடம் என்றால் நிமிர்ந்து நிற்க வேண்டும், இது ஆற்றுக்குள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறது என்பார். எல்லோரும் தலையாட்டுவார்கள்.

உங்கள் முதலாளி தொலைக்காட்சியில் பேசியதையும் பார்த்தேன். பாராட்டு வரும் என்று நினைத்தவரை அவருடைய கட்டடமாக இருந்தது. சிரிப்பு வந்ததும், அந்த வளைவு எங்கள் அலுவலகத்தில் ஒரு இளைஞரின் யோசனை என்று உன் பக்கம் கையை நீட்டிவிட்டார். நீ குனிந்து ஷூ லேஸ் கட்டுகிற படத்தையும் கொக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு எவனோ அனுப்ப, அது என் போனுக்கும் வந்தது. பக்கத்து வீட்டம்மா அனுப்பினாள். யாருடைய படம் என்று தெரியாமல்தான் அனுப்பியிருக்கிறாள். உன்னைச் சின்ன வயதில் பார்த்ததுதானே. நானும் அது நீதான் என்று காட்டிக்கொள்ளாமல், நன்றாக இருக்கிறது என்று போட்டுவிட்டேன். வேறு என்ன போடுவது?

கூடத்திலும் நான் உன் அம்மா என்று யாருக்கும் தெரியாது. வெட்கப்பட்டு மறைக்கவில்லை. தெரிந்தால் என் எதிரில் வாயைப் பொத்திக்கொள்வார்கள், அப்புறம் நீ கேட்டதற்கு நான் எப்படிப் பதில் எழுதுவது? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. பேசட்டும். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் சுருக்கென்றது. இப்போது ஒன்றும் தெரிவதில்லை, மரத்துப் போய்விட்டது.

மாதிரிக்குப் பக்கத்தில் பெரிய பலகை ஒன்று இருக்கிறது. வானத்தைத் தொட்ட பின்னும் பணிவு என்று எழுதியிருக்கிறார்கள். அது உன் எழுத்து இல்லை, உனக்கு இப்படியெல்லாம் பேச வராது. எதற்காக வளைத்தாய் என்று எனக்கும் நீ சொன்னதில்லை.

வேளைக்குச் சாப்பிடு. மருமகளைப் பார்த்து ஒரு வார்த்தையாவது பேசு.

என்றும் உன்
அம்மா


புதன்

அன்பு மகனுக்கு,

முதல் கடிதம் வந்து சேர்ந்தது, பிரிக்கவில்லை என்று மருமகள் சொன்னாள். பரவாயில்லை, இதையும் அதன்மேல் வைக்கச் சொல்கிறேன்.

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. முழங்கால் வலி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. குழாயில் தண்ணீர் சன்னமாக வருகிறது. எதிர்வீட்டில் குடிவந்தவர்கள் நல்ல மாதிரி, ஆனால் கதவை அறைந்து சாத்துகிறார்கள்.

உன் அப்பா போன பிறகு நானும் இப்படித்தான் இருந்தேன். எல்லோரும் அழு, அழு என்றார்கள். கல் மாதிரி உட்கார்ந்திருந்தேன். சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. இப்போது சரியாகிவிட்டதா என்று கேட்டால், ஆமாம் என்று அடித்துச் சொல்ல முடியாது. உப்பு தெரிகிறது, அவ்வளவுதான். அதனால் உன்னை அழு, பேசு, எழுந்து நட என்று நான் மிரட்டப் போவதில்லை. மற்றவர்கள் மிரட்டட்டும். ஆனால் நீ அதிலேயே தங்கிவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம். எனக்காவது விடிந்தால் கூடத்தைத் திறக்க வேண்டும் என்று ஒரு வேலை இருந்தது.

நேற்று கூடத்துக்கு விடுமுறை. கூட்டம் இல்லாததால் உன் மாதிரியைத் தூசி தட்டினேன். வாசலில் நுழையாது என்பதற்காகத் தலையைத் தனியாகச் செய்து கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள் அல்லவா? அதைக் கழற்றி மடியில் வைத்துத் துடைத்தேன். என்ன நினைப்பில் இருந்தேனோ, வெகுநேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மாட்டிவிட்டேன். கீழே தீப்பெட்டி மாதிரி வீடுகள், நீலச் சாயம் பூசிய ஆறு, எல்லாவற்றையும் தூரிகையால் தட்டினேன். நம் தெருவும் இருக்கிறது. நம் வீட்டு மாடிகூட இருக்கிறது, நகத்தளவுக்கு.

காவலாளியிடம் என் போனைக் கொடுத்து, நான் அதன் பக்கத்தில் நிற்கிற மாதிரி ஒரு படம் எடுக்கச் சொன்னேன். மருமகள் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். படத்தில் ஏன் விறைத்துப்போய் நிற்கிறேன் என்று கேட்காதே, எனக்குப் படத்துக்கு நிற்கத் தெரியாது. அவள் காட்டினால் பார். பார்க்க மனமில்லாவிட்டால் அதுவும் சரி.

அம்மா


சனி

என் கண்ணுக்கு,

நேற்று மருமகள் போன் செய்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே புரியவில்லை. என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

என் படத்தை உன் முகத்துக்கு நேரே நீட்டினாளாம். நீ வழக்கம்போலச் சும்மா பார்த்தாயாம். அப்புறம் அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாயாம். அத்தனை நாள் மூடிக்கிடந்த வாயைத் திறந்து நீ சொன்னதை அவள் எனக்கு அப்படியே திருப்பிச் சொன்னாள். நானும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

"அம்மா தலையை மாத்தி மாட்டிட்டாங்க. இப்படி வெச்சா எங்க தெருவுக்கு வெயிலே வராது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள்தான் உன்னை விடாமல் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியிருக்கிறாள். நேராகக் கட்டினால் மதியம்வரை நம் தெரு முழுக்க நிழலில் கிடக்குமாம். தலையை ஆற்றுப் பக்கம் வளைத்தால் அந்த நிழல் தண்ணீரில் போய் விழுமாம். அம்மா மாடியில் துணி காயப்போட வேண்டும், காலை வெயிலில் முழங்காலை நீட்டி உட்கார வேண்டும் என்றாயாம். அதை ஏன் உங்கள் முதலாளியிடம் சொல்லவில்லை என்று அவள் கேட்டதற்கு, சொன்னேன், பலகையில் எழுத நன்றாக இருக்காது என்றார்கள் என்றாயாம். அதோடு மறுபடியும் வாயை மூடிக்கொண்டாய்.

போனை வைத்துவிட்டு நேரே கூடத்துக்குப் போனேன். நீ சொன்னது உண்மைதான். கழுத்துக் குச்சி எந்தப் பக்கம் வைத்தாலும் நுழைகிற மாதிரி இருக்கிறது. நான் நினைப்பை எங்கேயோ விட்டுவிட்டு முன்பக்கத்தைப் பின்பக்கமாக மாட்டியிருக்கிறேன். கொக்கு ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நம் தெருவின்மேல் குனிந்து நிற்கிறது.

இதில் ஒன்று சொல்கிறேன் கேள். செவ்வாயிலிருந்து அது அப்படியே நிற்கிறது. அத்தனை பேர் வந்தார்கள், அத்தனை பேர் சிரித்தார்கள், பத்திரிகைக்காரர்கள் இரண்டு பேர் வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. நான் போய் நின்றபோதுகூடத் தலைமையாசிரியர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். இது ஆற்றுக்குள் எதைத் தேடுகிறது என்று தடியை ஆற்றின் பக்கம் நீட்டுகிறார், தலையோ அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. சுற்றி நின்றவர்களும் ஆற்றைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நீ முடங்கிக் கிடக்கிறாயே, ஊர் பார்க்கிற லட்சணம் இதுதான். இவர்கள் சிரித்ததற்கா நீ சோறு தண்ணீர் ருசிக்காமல் உட்கார்ந்திருக்கிறாய்? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்குக் கோபம் வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

கூடத்து மேலாளரிடம் போய் நான் செய்த தப்பைச் சொன்னேன். பதறிப்போனார். கண்ட கையெல்லாம் பட்டால் யார் பதில் சொல்வது என்று எல்லோர் முன்னாலும் திட்டினார். திட்டட்டும், தப்பு என்னுடையதுதானே. ஆளை வரச்சொல்லி உடனே சரிசெய்கிறேன் என்று போனை எடுத்தார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, வேண்டாம் என்றேன்.

"இதை வரைஞ்சவன் என் மகன். அவனே வந்து மாட்டுவான்."

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. தலைமையாசிரியர் தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்தார். உங்க பையனா, சொல்லவே இல்லையே அம்மா என்றார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று பார்த்தால், அப்படியே அந்த லிஃப்ட் எப்படிப் போகும் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்கிறார். மனிதர் திருந்துகிற மாதிரி இல்லை. ஆனால் வெயில் விஷயத்தைச் சொன்னேன். வெகுநேரம் மாதிரியைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் வீடும் நம் தெருவுக்கு அடுத்த தெருவில்தானாம்.

இதனால் உன் கட்டடத்தைக் கட்டிவிடுவார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கட்டினாலும் தலையை வெட்டிவிட்டு நேராகக் கட்டுவார்களோ என்னவோ. நிழல் விழுந்தால் விழுந்துவிட்டுப் போகிறது. துணி ஒரு நாள் தள்ளிக் காயும், முழங்காலுக்குத் தைலம் இருக்கிறது. எனக்கு வெயில் முக்கியம் இல்லை. நீ சுவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டும்.

கண்காட்சி முடிகிறவரை தலையை யாரும் தொடக் கூடாது என்று மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வைத்திருக்கிறேன். அம்மா சொன்ன சொல்லைப் பொய்யாக்கிவிடாதே. மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. கூட்டம் இல்லாத விடுமுறை நாளாகப் பார்த்து வந்தால் போதும். நான் கதவைத் திறந்துவிடுகிறேன். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். நீ பேச வேண்டாம். வந்து திருப்பி மட்டும் வைத்துவிட்டுப் போ.

நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கே இருந்தாலும். இங்கே கொஞ்ச நாள் இருந்தால் இன்னும் நல்லது.

அந்த உயரத்துக்கு ஸ்டூல் போட்டுத்தான் ஏற வேண்டும். அது கொஞ்சம் ஆடும். நான் பிடித்துக்கொள்கிறேன்.

அம்மா