குழாய்க்காரனுக்கு மாட்டிய வெள்ளைக் கோட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் முழங்காலை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. அங்கே உன் சுகத்துக்கு எழுது, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கிறாள். பல்கலைக்கழகத்தில் பழைய மாணவி என்று உன்னை, படிக்க வருகிற பிள்ளைகளுக்காகத் திரையில் வந்து நாலு நல்ல வார்த்தை பேசச் சொல்கிறார்கள், பேசட்டுமா என்று கேட்டிருந்தாய். பேசாதே கண்ணு. ஏன் என்று சொல்கிறேன், அப்பாவை நினைத்துச் சிரித்துவிட்டு மேலே படி.

இந்த வருஷம் எப்பாடுபட்டாவது ஒன்றரை மடங்கு பிள்ளைகளைச் சேர்த்தாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு, அதற்காகப் பள்ளிப் பிள்ளைகள் வந்து சுற்றிப் பார்க்க ஒரு நாள் வைத்தார்கள். நீ படித்த உயிரியல் லேபில் வாத்தியார்கள் ஓய்வு பெற்ற பிறகு யாரையும் போடவில்லை, ஆளில்லாத கடையாகக் கிடக்கிறது. ஒழுகுகிற குழாயைப் பார்க்க நான் போயிருந்தேன். சேர்க்கை அதிகாரி ஓடிவந்து, அண்ணே உங்க நரைக்கும் கண்ணாடிக்கும் புரொபசர் மாதிரியே இருக்கீங்க, சும்மா மைக்ராஸ்கோப் பக்கத்துல நில்லுங்க என்று ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டார். பத்தாவதை முட்டி மோதித் தேறியவனுக்கு ஆசை விடுமா, ஸ்பேனரைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். ஒரு பெண் வந்து, செல் ஏன் சார் ரெண்டாப் பிரியுது என்று கேட்டாள். அதெல்லாம் ரெண்டாம் வருஷத்துல வரும்மா என்றேன். உன் அப்பன் அறிவைப் பார்!

போன வாரம் அதே பெண், பஸ் ஓட்டுகிற தன் அப்பாவோடு வந்து நிற்கிறாள். வேறு கல்லூரியில் கிடைத்த இடத்தை விட்டுவிடப் போகிறாளாம், சாரோட லேப்லதான் படிக்கணும் என்கிறாள். அந்தக் கல்லூரியில் சேர அன்றுதான் கடைசி நாள். அதிகாரி பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுகிறார், ஒரு தலை கூடியதல்லவா. எத்தனையோ சாக்கடை அடைப்பில் கையை விட்டிருக்கிறேன், இப்படி ஓர் அழுக்கைப் பார்த்ததில்லை. நான் வாத்தியார் இல்லம்மா, குழாய் பாக்குறவன், இங்க வாத்தியாரே கிடையாது, அந்த எடத்த விட்டுடாத ஓடு என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டேன். அவள் அப்பா நன்றி சொல்வார் என்று பார்த்தால், இப்பத் தொறக்குற வாய் கோட்டு மாட்டும்போது எங்கய்யா போச்சு என்று கேட்டுவிட்டு மகளை இழுத்துக்கொண்டு போனார். அந்தக் கல்லூரியில் கதவு சாத்துமுன் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாளாம், அவள் அப்பா ஓட்டுகிற பஸ்ஸில் வருகிற நம் வாட்ச்மேன் சொன்னார். அன்று ராத்திரிதான் சோறு இறங்கியது.

அந்த அதிகாரிக்குச் சொரணை இருக்கிறதா பார், அடுத்த மாதக் கூத்துக்கு அதே கோட்டை வெளுத்து இஸ்திரி போட்டு அனுப்பி, இந்த வாட்டி வாயைத் தொறக்காம நின்னாப் போதும்ணே என்கிறார். லேபில் ஒரு எலும்புக்கூடு நிக்குதே, அதுக்கு மாட்டுங்க, அது பொய் சொல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டேன். இப்போது அதை உனக்கு அளவு பார்க்கிறார்கள். நீ மாட்டிக்கொள்ளாதே.

உடம்பைப் பார்த்துக்கொள், நீ நன்றாயிருக்க வேண்டும். முடியாது என்று அவர்களுக்கு இன்றே எழுதிவிடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
ஒரு நாள் புரொபசராக இருந்த உன் அப்பா